எங்கள் வீட்டில் அப்போது படிக்கட்டு இல்லை

தம்பி, உன் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி மாமா என்னிடம் கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரரின் விளையாட்டுக் கழகம் இந்தக் கோடையில் ஒரு மலர் வெளியிடுகிறதாம். நடுப்பக்கத்தில் உன் படம் வருகிறது. 'எங்கள் ஊர் பெற்றெடுத்த ஜேர்மன் உதைபந்தாட்ட வீரர்' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. உன்னைப் பெற்றெடுத்தது ஊர் இல்லை, எசனுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினேழு மணித்தியாலம் கிடந்து நான்தான் பெற்றேன் என்று சொன்னேன். "அதையும் போட்டால் தலைப்பு நீண்டு போயிடும் பிள்ளை" என்றார். உன் மாமாவை உனக்குத் தெரியும்தானே. கழகத்துக்குத் தலைவராக இருந்து இருந்து, என் அண்ணன் இப்போது வீட்டிலும் மைக் பிடித்தவர்போலத்தான் கதைக்கிறார்.

சரி, எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நீ பிறந்தது, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டது, பதின்மூன்று வயதில் எங்களோடு ரொறன்ரோ வந்தது, பதினெட்டில் திரும்பி ஜேர்மனிக்கே போனது, எல்லாம் மளமளவென்று வந்தது. உனக்கு இருபத்துநான்கு வயதான அந்தக் கோடைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதற்குமேல் எழுதுவதென்றால் ஒன்றில் பொய் எழுத வேண்டும், இல்லையென்றால் உனக்கு எழுத வேண்டும். அதனால் இது உனக்கு எழுதுகிற கடிதம். ஊரும் வாசிக்கட்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அந்தப் பொய்யில் உனக்கும் பங்கு இருக்கிறது, ஆகவே முதலில் உன் கைக்கு அனுப்புகிறேன். நீ ஓம் என்றால் மட்டும் மாமாவிடம் கொடுப்பேன்.

என்னை எழுத வைத்தது மாமாவின் மலர் இல்லை. ஜேர்மனியில் உன் கழகம் போன கிழமை வெளியிட்ட அந்த வீடியோ. முப்பத்தைந்து வயதில் நீ விளையாட்டை விடுகிறாய் என்று உன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து கதைக்கிறார்கள். அப்பா போனைச் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் உன் விளையாட்டைப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா போனுக்கு முன்னால் குந்துவார், நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன், கழுவச் சட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அன்றைக்கு விளையாட்டு இல்லை, கதைதானே என்று வந்து இருந்தேன். உங்கள் கோல்காப்பாளர் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான், இவனை எந்தத் தடுப்பாட்டக்காரனாலும் விழுத்த முடியவில்லை, கடைசியில் அம்மா வீட்டுப் படிக்கட்டுத்தான் விழுத்தியது என்று. பிறகு கழகத்தின் வயதான டாக்டர் வந்து, ரொறன்ரோவில் இருக்கிற அந்தப் படியை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்கிறார். அதன்பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, மரத்தில் செய்த ஒரு சின்னப் படிக்கட்டை, அதில் தங்கள் கையெழுத்தைப் போட்டு, உனக்குப் பரிசாகத் தருகிறார்கள். நீ அதை வாங்கிச் சிரித்தாய்.

பேக்கரியில் பதின்மூன்று வருடம் தரை துடைத்தவள் நான். அவர்கள் கதைத்த ஜேர்மன் எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. உன் சிரிப்பும் விளங்கியது. சின்ன வயதில் ஊசி போடும்போது, நோகவில்லை என்று டாக்டருக்குக் காட்ட நீ சிரிப்பாயே, அதே சிரிப்பு. அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ப் புல்லு வெட்டினார். புல்லு இன்னும் முளைக்கவேயில்லை.

இப்போது உன் கடைசி விளையாட்டு வருகிறது. அப்பாவுக்கு மட்டும் பிளேன் ரிக்கற் அனுப்பியிருக்கிறாய். "உங்களுக்கு முழங்கால் நோ அம்மா, அவ்வளவு நேரம் பிளேனில இருக்கேலாது. அப்பா வந்தாக் காணும்" என்று போனில் சொன்னாய். பழுதில்லை ராசா என்று நானும் சொல்லிவிட்டேன். பழுதாகத்தான் இருந்தது. முழங்காலைக் காரணம் காட்டி நீ என்னை வரவேண்டாம் என்கிறாய், முழங்காலைப் பற்றி உன்னோடு வாதாட எனக்கு வாய் இல்லை. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

என் முதல் பிழை உனக்குப் பதின்மூன்று வயதில் நடந்தது. அந்த ஜேர்மன் ஊரில் சனிக்கிழமைகளில் நீ விளையாடுவாய். மற்றத் தாய்மார் கேக் கொண்டு வருவார்கள், நான் மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டு வருவேன். உன் பயிற்சியாளருக்கு நான்கு ரோல்ஸ் சாப்பிடாமல் விசில் ஊத வராது. நாங்கள் கனடாவுக்கு வெளிக்கிடுகிறோம் என்று கேள்விப்பட்டு அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களைப் பார்த்துச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, குசினி மேசையில் இருந்து, இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், இந்தப் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்றார். அப்பா அரைமனத்தோடு தலையை ஆட்டினார். நான்தான் வெட்டிப் பேசினேன். எனக்கு என் அண்ணனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கடைக்குப் போனால் தமிழில் கதைக்க வேண்டும், பேக்கரித் தரையில் இருந்து எழும்ப வேண்டும். அண்ணன் பேப்பர் எல்லாம் போட்டு, வழக்கறிஞரைப் பிடித்து, எங்களை இங்கே எடுத்துவிட்டார். ஸ்காபரோவில் முதல் நாள் பஸ்ஸில் ஏறியபோது முன் சீற்றிலும் தமிழ், பின் சீற்றிலும் தமிழ். எனக்கு மூச்சு வந்தது. நீ ஜன்னலோடு இருந்து, இங்கே மைதானம் எங்கே என்று ஜேர்மனில் கேட்டாய்.

ஐந்து வருடம் நீ இங்கே இருந்தாய், ஆனால் இறங்குகிற இடம் வருமட்டும் நிற்கிறவன்போல நின்றாய். பதினெட்டு முடிந்த மாதமே ஜேர்மனியில் சித்தப்பா வீட்டில் தங்கி விளையாடப் போகிறேன் என்றாய். ஜேர்மன் பாஸ்போட் இருந்தது, ஒருவராலும் மறிக்க முடியவில்லை. எயார்போட்டில் "போட்டு வாறன் அம்மா" என்று சொன்னாய், திரும்பிப் பார்க்கவில்லை. பகலில் பொதிக் கிடங்கில் வேலை, பின்னேரம் பயிற்சி என்று கீழ்ப்பிரிவுகளில் ஓடி ஓடி மூன்றாம் பிரிவு வரைக்கும் ஏறினாய். சம்பளத்துக்கு விளையாடுகிறான் என்று சித்தப்பா போன் எடுத்துச் சொன்னபோது, விளையாடினால் காசு கொடுப்பார்களா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் எத்தனை நாள் என்னைப் பகிடி பண்ணினீர்கள்.

பிறகு அந்த ஜூன் மாதம். விடுமுறைக்கு வந்தாய். இரண்டாம் பிரிவில் விளையாடுகிற ஒரு பெரிய கழகம் உன்னை எடுக்கப்போகிறது, திரும்பிப் போனதும் மருத்துவப் பரிசோதனை, அது முடிந்தால் கையெழுத்து. அப்போது நாங்கள் ஒன்பதாவது மாடி அப்பாட்மென்றில் இருந்தோம். நீ வந்து மூன்றாம் நாள் மாமா வந்தார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"ஒரேயொரு மட்ச் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். மூண்டு வருசமா உவங்களிட்டத் தோத்துக்கொண்டு நிக்கிறம். நீ ஒருக்கா இறங்கினாக் காணும்."

"ஏலாது மாமா. கொன்ராக்ற் இருக்கு, வெளியில விளையாடக்கூடாது. அதோட மெடிக்கலும் வருது."

"அது உங்க ஜேர்மனியில. இஞ்ச ஆர் பாக்கப்போறான்? பதிவும் முடிஞ்சுது, நீ எங்கட கழகத்துக் கஜன்ர பேரில இறங்கு."

நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். மாமா மேற்கொண்டு கேட்கவில்லை. பாதி குடித்த தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். "சரி பிள்ளை, நான் வாறன்" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன்காரன் தங்கச்சி வீட்டில் தேத்தண்ணீரை முடிக்காமல் எழும்பிப் போவதென்றால் எங்கள் ஆட்களுக்குள் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதற்கு முன்னால் செய்கிற வேலை அது. நான் உன்னில் பாய்ந்தேன்.

"அவர் இல்லாட்டி நாங்கள் இஞ்ச வந்திருப்பமே? உனக்கென்ன, நீ நாளைக்குப் பிளேன் ஏறிப் போயிடுவாய். நானெல்லோ அவரின்ர முகத்தில முழிக்கோணும்."

"வேண்டாம் அம்மா" என்றாய். நான் நிறுத்தவில்லை. மறுபடியும் வேண்டாம் என்றாய். கடைசியில், சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது கேட்பதுபோல, தயவுசெய்து என்பதை ஜேர்மனில் சொல்லிக் கெஞ்சினாய். நான் அழத் தொடங்கினேன். பொய்யாக அழவில்லை, உண்மையாகத்தான் அழுதேன், அதுதான் இன்னும் கேவலம். "அழாதேங்கோ, விளையாடுறன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய். ஞாயிறு காலை பிறம்ரனுக்கு வேலைக்குப் போக முதல் அப்பா என்னிடம், "உவனை இறக்காத, நான் சொல்லுறன்" என்றார். நீங்கள் வேலையைப் பாருங்கோ என்று அவருடைய சாப்பாட்டுப் பையைக் கையில் திணித்தேன்.

அன்றைய மட்சை நான் நினைக்காத நாள் இல்லை. ஸ்காபரோ பார்க்கில் வெய்யில், கொத்துரொட்டி மணம், ஒலிபெருக்கியில் தமிழில் நேர்முக வர்ணனை. நீ பந்தோடு ஓடினால் மற்றவர்கள் நடப்பதுபோல இருந்தது. நீ முதல் கோல் அடித்தபோது "கஜன்! கஜன்! கஜன்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. உண்மையான கஜன் குடைக்குக் கீழே எனக்குப் பக்கத்தில் இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆம்பிளையாக நீ விளையாடி நான் கண்ணால் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். அன்றைக்கு என் பிள்ளையின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, நானும் எழும்பி நின்று கஜன் என்றுதான் கத்தினேன்.

இரண்டாம் பாதியில் விழுந்தாய். ஒருவரும் உன்னை இடிக்கவில்லை. புல்லுக்குள் ஒரு பள்ளம், கால் அதற்குள் நின்றது, உடம்பு திரும்பியது. நீ கத்தவில்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடினாய். நான் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வென்றது. மாமா வெற்றிக் கோப்பையை முன் சீற்றில் வைத்துவிட்டு, உன்னைப் பின்னால் கிடத்தி, ஹொஸ்பிற்றலுக்கு ஓட்டினார். அங்கே காத்திருக்கும்போது, காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நீ கேட்டாய், "அங்க போய் என்னெண்டு சொல்லுறது?"

"வீட்டுப் படியில சறுக்கி விழுந்ததெண்டு சொல்லு."

"எங்கட வீட்டில படி எங்க அம்மா இருக்கு?"

"அது அவங்களுக்குத் தெரியுமே?"

மாமாவும் ஓம் என்று தலையை ஆட்டினார். வேறு பெயரில் ஆள் இறங்கினது வெளியே வந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அந்தப் பயம். எனக்கோ, இந்தத் தாய்தான் பிள்ளையின் காலை உடைத்தவள் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். உன்னைப் பற்றிப் பயப்பட அந்த இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாய். என்னோடு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

முழங்காலுக்குள் சவ்வு அறுந்திருந்தது. பெரிய கழகம் கையை விரித்துவிட்டது. பழைய கழகம், ஐயோ வீட்டுப் படியில் விழுந்த பிள்ளை என்று பாவம் பார்த்து உன்னைத் திரும்ப எடுத்து, அந்த டாக்டரைக் கொண்டு ஒப்பரேசன் செய்து, ஒரு வருடம் நடக்கப் பழக்கியது. பிறகு நீ விளையாடினாய், நன்றாகத்தான் விளையாடினாய் என்று அப்பா சொல்கிறார். ஆனால் மேலே போகவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு கழகம் வந்து கேட்டதையும் நீ மறுத்ததையும் எனக்குச் சித்தப்பாதான் பிறகு சொன்னார். "இவை என்னை நம்பி எடுத்தவை சித்தப்பா, நான் இவையளுக்கு உண்மை சொல்லேல்லை, அந்த மனத்தோட விட்டிட்டுப் போகேலாமக் கிடக்கு" என்றாயாம். நான் உனக்குச் சொல்லித் தந்த பொய் உன்னையும் அங்கே கட்டிப்போட்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நீ ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். பதினொரு வருடமாக ஞாயிறு தவறாமல் போன் எடுக்கிறாய். சாப்பிட்டீங்களோ, அப்பாவின் பிறஷர் எப்படி, ஸ்னோ கொட்டுதோ என்று கேட்கிறாய். ஓம், பரவாயில்லை, கொட்டுது என்று நான் சொல்கிறேன். போனை வைத்த பிறகு உன்னோடு கதைக்கத் தொடங்குவேன். அஜக்ஸில் இந்த வீட்டை வாங்கியபோது முதல் தடவையாக எங்களுக்கு வீட்டுக்குள் படி வந்தது, அதில் இருந்துதான் கனநாள் கதைத்திருக்கிறேன். தம்பி, எனக்கு உன்னைக் காண வேண்டும்போல இருக்கிறது. கலியாணத்துக்கு ஒருதரம், செத்த வீட்டுக்கு ஒருதரம் என்று நீ வந்து போன அந்த நாலு நாலு நாள் போதவில்லை. வீட்டுக்குள் நீ நடக்கிற சத்தம்கூட எனக்கு இப்போது மறந்து வருகிறது.

மாமாவுக்குப் போன் எடுத்து, படிக்கட்டுக் கதையை எழுதப்போகிறேன் என்றேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் கிளறுறாய்?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். மேசையில் வந்து இருந்தார். பிறகு சொன்னார், "நான் அண்டைக்கு உடனே போகேல்லை. லிப்ற்றடியில நிண்டனான். அவன் வேண்டாம் எண்டு கெஞ்சினது எனக்கும் கேட்டது. நீ அவனைச் சம்மதிக்க வைப்பாய் எண்டு தெரிஞ்சுதான் தேத்தண்ணியை வைச்சிட்டு எழும்பினனான்." எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கிழவனாகிவிட்டார். "எழுது பிள்ளை, என்ர பேரையும் போட்டு எழுது. அவன் என்னோட கதைப்பானே?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உன் கோபத்துக்கு நான் பொறுப்பு எடுக்க முடியாது. ஆனால் பிழையைப் பங்கு போட்டுக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தேத்தண்ணீரை வைத்தார். உன்னை மைதானத்தில் இறக்கியது நான்.

ஆடி மாதத்தில் இருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறாய் என்று அப்பா சொன்னார். புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள் ஒன்று சொல்கிறேன். கரையில் நிற்கிற தாய்மாரைக் கவனி. சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள், கையைத் தட்டுவாள், பிள்ளைக்காக உயிரையும் விடுவேன் என்பாள். அப்படிப்பட்டவள்தான், யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதே பிள்ளையை முன்னால் தள்ளிவிடுவாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். அவளோடு மரியாதையாகக் கதை, ஆனால் பிள்ளையின் சொல்லைக் கேள். அந்த டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிடு. கோபித்தால் என் தலையில் போடு. அவர் மன்னிக்க மறுக்கிற படி நான்தான் என்று சொல்லு.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். எனக்கு உன் கடைசி விளையாட்டைப் பார்க்க வேண்டும். முழங்கால் நோ உண்மைதான், ஆனால் பிளேனில் இடைக்கிடை எழும்பி நடப்பேன், சமாளிப்பேன். ரிக்கற் நானே எடுப்பேன். உன் வீட்டில் தங்க வேண்டும் என்றில்லை, சித்தப்பா வீட்டில் இருப்பேன். ஆட்களுக்கு முன்னால் அழ மாட்டேன். இதுவரைக்கும் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, எல்லாம் சொல்லித்தான் இருக்கிறேன். இப்போது கேட்கிறேன். நான் வரட்டோ, தம்பி? உனக்கு விருப்பம் இல்லை என்றால் என் முழங்காலையோ தூரத்தையோ காரணமாகத் தேடாதே. வேண்டாம் என்று ஒருதரம் சொன்னால் காணும். அம்மா அழாமல் கேட்பேன்.